மூன்றாம் மதகின் கடிகாரம்

தண்ணீர், திறந்து விடுவதற்கு முன்னாலேயே வந்து சேருமா? விழிதியூர் மூன்றாம் மதகுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது என்று பிரதீபாவின் காகிதம் சொன்னது. செவ்வாய்க்கிழமை காலை, மதகை ஒட்டிய பாசன சங்கக் கட்டடத்தில், இருபது விவசாயிகள் பார்த்திருக்க, உதவிப் பொறியாளர் புகழேந்தி அந்தக் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“சனிக்கிழமை விடியக்காலை நாலு பதினெட்டுக்கு இந்த மதகுல தண்ணி ஏறுச்சுன்னு போட்டிருக்கு. நான் மேல தலைப்பு மதகைத் தொறந்ததே காலை ஆறு மணிக்கு. அங்கேருந்து இங்க வந்து சேர மூணு மணி நேரம் ஆவும். ஏம்மா, தண்ணி முத நாளே பஸ் ஏறிடுச்சா?”

சிரித்தார்கள். புகழேந்தி சிரித்ததில் குற்றமில்லை. அப்படி ஒரு காகிதம் கையில் கிடைத்தால் யார்தான் சிரிக்கமாட்டார்? ஊர்க்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்ததுதான் பிரதீபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர்களுக்காகத்தான் அந்தக் காகிதமே. சங்கத் தலைவர் நீலமேகம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிரதீபாவுக்குச் சித்தப்பா. அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

விஷயம் சின்னதல்ல. காரைக்கால் கடைமடை. மேலே உள்ளவர்கள் எல்லாம் எடுத்தது போக மிச்சம்தான் இங்கே வரும். அதனால் நெட்டை வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். பன்னிரண்டு நாளுக்கு ஒரு தரம் மூன்றாம் மதகுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். இந்தத் தடவை சனி காலை ஆறிலிருந்து திங்கள் காலை ஆறு வரை. பதிவேட்டில் நாற்பத்தெட்டு என்று அழகாக எழுதியிருந்தது. வாய்க்காலிலோ ஞாயிறு விடியும்போதே தரை தெரிந்தது. மூன்று வருடமாக இதே கூத்து. “விட்டோம்” என்று அலுவலகம் சொல்லும், “வரலிங்க” என்று ஊர் சொல்லும், எழுதி வைத்திருக்கிறவன் பேச்சுத்தான் எடுபடும்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் பிரதீபா மதகில் தண்ணீர் அளக்கிற மெஷினைச் செய்தாள். காரைக்காலில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. அப்பா இல்லை. அம்மாவும் அவளுமாக ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலத்தில் சம்பா நேரடி விதைப்பு விதைத்திருந்தார்கள். புரட்டாசி வெயிலில் முளைத்த பயிர் ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஊரில் மொத்தம் எண்பது ஏக்கர் அதே கதியில். மழை இன்னும் பிடிக்கவில்லை. இன்னும் ஆறு நாளைக்குள் ஒரு தண்ணீர் காட்டாவிட்டால் அத்தனையும் கருகிப் போகும்.

“வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வர்றேன்” என்றார் புகழேந்தி, எழுந்துகொண்டே. “அன்னிக்கு மத்தியானம் அடுத்த முறைப் பட்டியல்ல கையெழுத்துப் போடணும். கொறஞ்ச மணி நேரத்துக்கு ஆதாரம் இருந்தா காட்டுங்க, மறுநாளே கூட்டித் தர்றேன். இல்லன்னா உங்க முறை முடிஞ்சது முடிஞ்சதுதான். இந்த மாதிரிப் பேப்பர எல்லாம் கொண்டாராதீங்க.” போகும்போது அந்தக் காகிதத்தைச் செல்போனில் படம் வேறு பிடித்துக்கொண்டார்.

ஆட்கள் கலைந்த பிறகு நீலமேகம் மருமகப்பிள்ளை வீட்டில் அவமானப்பட்டவர் போல வேட்டியை உதறிக் கட்டினார்.

“ஏன் பாப்பா, ஊரைக் கூட்டி வச்சி மூக்கறுத்துட்டியே. நீ எடுத்துக் கொடுத்ததை நான் படிச்சுக்கூடப் பாக்காம நம்பி நீட்டுனேன்.”

“மெஷின் தப்பு சொல்லாது சித்தப்பா.”

“அப்ப தண்ணி பஸ்லதான் வந்துச்சா?”

பிரதீபா போனை எடுத்தாள். ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வரமாட்டேன் என்றாள். மேனேஜர் இழுத்தார். “சம்பளத்தைப் பிடிச்சுக்குங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அவள் சங்கக் கட்டடத்தில் இருந்தாள். மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மதகின் மேலே ஒரு சென்சார் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் ஒயர் கட்டடத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் முழுக் கம்ப்யூட்டர், லினக்ஸ் ஓடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர் எவ்வளவு, மணி என்ன என்று தன் மெமரி கார்டில் எழுதிக்கொள்ளும். அதையே இன்டர்நெட் வழியாக யாரும் பார்க்கக்கூடிய ஓர் அட்டவணைக்கும் அனுப்பிவிடும். கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரியும் வைத்திருந்தாள்.

அட்டவணைக்குப் போன வெள்ளியிலிருந்து ஒரு வரிகூட வந்திருக்கவில்லை. சனிக்கிழமையே அவள் அதைப் பார்த்தாள். ஞாயிறு டியூட்டி, வர முடியவில்லை. திங்கள் சாயங்காலம் ஓடிவந்து, கார்டில் இருந்ததை அப்படியே எடுத்து அச்சடித்து நீலமேகத்திடம் கொடுத்தாள். தண்ணீர் பத்தொன்பது மணி நேரம்தான் நின்றது என்று பார்த்ததும் தலைகால் புரியவில்லை அவளுக்கு. ஆள் அகப்பட்டான் என்ற சந்தோஷத்தில், பக்கத்துக் கட்டத்தில் மணி என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை. கெட்டிக்காரிகள் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

லேப்டாப்பை வைத்துப் போர்டுக்குள் நுழைந்தாள். முதலில் வெளியுலகத்தில் உள்ள ஒரு சர்வரை அதன் ஐபி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். உடனே பதில் வந்தது. அதே சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, பெயர் விளங்கவில்லை என்று இங்கிலீஷில் கையை விரித்தது.

“இது எனக்குத் தெரிஞ்ச நோவுதான்” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவள் செய்த வேலை அது. அதுவரை போர்டுக்கு ரவுட்டர்தான் எண் கொடுத்துக்கொண்டிருந்தது. ரவுட்டருக்கு நினைத்த நேரத்தில் எண்ணை மாற்றிக் கொடுக்கிற புத்தி உண்டு. எண் மாறினால், சங்கத்து டிவியிலும் விவசாயிகள் போனிலும் தண்ணீர் அளவு திறக்காது. “என்னா பாப்பா, மெஷின் செத்துப்போச்சா” என்று நாளுக்கு நாலு போன். சனியன் ஒழியட்டும் என்று போர்டுக்கு மாறாத எண் ஒன்றை, ஸ்டேடிக் ஐபியை, அவளே கையால் எழுதிவிட்டாள். வெளியே போகிற வழியையும் எழுதினாள். மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது: பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுக்கிற டி.என்.எஸ். சர்வரின் முகவரி. ரவுட்டர் எண் கொடுக்கும்போது அதையும் சேர்த்தே கொடுத்துவிடும், யாரும் கேட்க வேண்டாம். கையால் எழுதினால் அதையும் கையால்தான் எழுத வேண்டும். அவள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். போர்டை ஒரு தரம் அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஓடுகிறது அல்லவா என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளியே அட்டவணை நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து, டி.என்.எஸ். முகவரி இருக்கிற கோப்பைத் திறந்து ஒரு வரியை எழுதிச் சேர்த்தாள். அட்டவணை ஓடியது. அந்தக் கோப்பின் தலையிலேயே, இது நெட்வொர்க் மேனேஜர் என்கிற புரோகிராம் எழுதியது என்று ஒரு வரி இருந்தது. அதாவது அடுத்த தரம் போர்டு எழும்போது அது தன் இஷ்டப்படி திரும்பவும் எழுதிக்கொள்ளும், நீ எழுதியது போயே போச்சு என்று அர்த்தம். அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேலே நகர்ந்தாள். இப்போது திறந்து பார்த்தால் அவள் எழுதிய வரி இருந்த இடம் துடைத்து வைத்தது போலக் காலி.

ஆக, போர்டு அணைந்து எழுந்திருக்கிறது. பேட்டரி இருக்கும்போது எப்படி அணையும்? போர்டின் நாட்குறிப்பைப் பிரித்தாள். போன வெள்ளி காலை ஒன்பது மணிக்கு மூச்சு நின்றிருக்கிறது. அடுத்த வரியில் திரும்ப எழுந்திருக்கிறது. அதற்கு முந்தைய வெள்ளியிலும் அப்படியே. வெள்ளி, வெள்ளி. பிரதீபா பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். மூடியின் நடுவில் மஞ்சள் பூசி, அதன் மேல் குங்குமப் பொட்டு. பக்கத்தில் காய்ந்த செவ்வந்தி ஒன்று.

“பெரியநாயகி அக்கா” என்று கூப்பிட்டாள்.

பெரியநாயகிதான் சங்கத்துக்கு எழுத்தர், காவல், கூட்டிப் பெருக்குவது எல்லாம். ஐம்பது வயது. பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்தாள்.

“வெள்ளிக்கிழமை இந்தப் பெட்டிய என்னக்கா பண்றீங்க?”

“என்னா பண்ணுவாங்க? தரை கழுவி விட்டுட்டு டிவி, பீரோ, மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாத்துக்கும் பொட்டு வச்சி சாம்பிராணி போடுவேன். இதுக்கும் வப்பேன். நீ செஞ்சதாச்சேன்னு ஒரு பூ சேத்தே வப்பேன்.”

“பொட்டு வைக்கிறப்ப ஒயரப் புடுங்குவீங்களா?”

“புடுங்காம? ஒரு வருஷம் ஈரக்கையோட ஸ்டார்ட்டரத் தொட்டு செவுத்துல போயி விழுந்தேன். அன்னிலேருந்து அம்புட்டையும் புடுங்கிப் போட்டுட்டுத்தான் கை வப்பேன். உன் பேட்டரி ஒயரையும் சேத்துத்தான்.”

“போன வெள்ளி எப்பத் திரும்பச் சொருகுனீங்க?”

“அன்னிக்கு ஒம்போது மணிக்கு லைன் வேலைன்னு கரண்ட நிப்பாட்டிட்டான்ல. கரண்டே இல்ல, சொருகி என்னா பண்றது? மத்தியானம் ஃபேன் சுத்துனப்பதான் சொருகுனேன். ரெண்டு மணி இருக்கும்.”

பிரதீபா தலையில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு செலவு செய்து கரண்ட் போனால் தாங்குவதற்கென்றே ஒரு பேட்டரி வாங்கி வைத்திருக்கிறாள். கரண்ட் இல்லை என்று அந்தப் பேட்டரியின் ஒயரைப் பிடுங்கி ஓரமாக வைத்திருக்கிறாள் இந்த மகராசி.

“அது பேட்டரிக்கா. கரண்ட் இல்லாதப்பத்தான் அது வேணும்.”

“அத என்கிட்ட யாரு சொன்னா?” பெரியநாயகி இடுப்பில் கை வைத்தாள். “நீ வந்த, மாட்டுன, டிவியில ஓட்டிக் காட்டுன, கைதட்டுனாங்க, போன. இந்தக் கட்டடத்துல நாள் பூரா கெடக்குறவ நானு. ஒரு வார்த்த சொன்னியா?”

சொல்லவில்லைதான். பிரதீபாவுக்குக் கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிட்டது, இறங்கினதே ஒரு கோபமாக இருந்தது. இப்போது முழுக்கதையும் புரிந்தது. இந்தப் போர்டுக்குச் சொந்தமாக மணி தெரியாது. அணைந்து எழுந்தால், விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். பிறகு இன்டர்நெட்டில் மணி சொல்கிற ஒரு சர்வரைப் பெயர் சொல்லிக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். பெயர் விளங்காவிட்டால் யாரைக் கேட்கும்? வெள்ளி மத்தியானம் எழுந்த போர்டு, காலை ஒன்பது மணி என்றே நம்பிக்கொண்டு, அந்த நம்பிக்கையோடே ஐந்து நாளாகக் கடமை தவறாமல் எழுதிக்கொண்டிருக்கிறது.

கை தானாகத் திருத்தத்துக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். இப்போது சரிசெய்துவிட்டால் போர்டின் மணி ஒரு நொடியில் சரியாகிவிடும். அப்புறம் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்று எதைக் காட்டுவது? லேப்டாப் திரையில் போர்டின் மணியை வரவழைத்தாள். பக்கத்தில் தன் செல்போனை வைத்தாள். பெரியநாயகியின் போனால் இரண்டையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னாள். போர்டில் ஐந்து இருபத்து மூன்று. செல்போனில் பத்து பதினைந்து. நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிட வித்தியாசம்.

அதன் பிறகுதான் கை வைத்தாள். இந்தத் தடவை கோப்பில் ஒட்டுப்போடவில்லை. இணைப்பின் அமைப்புக்குள்ளேயே போய், காலியாக விட்டிருந்த மூன்றாவது கட்டத்தில் ஒன்றுக்கு இரண்டாக டி.என்.எஸ். முகவரிகளை எழுதினாள். இணைப்பை ஒரு தரம் துண்டித்து எழுப்பினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பதில் வந்தது. போர்டின் மணி ஒரே தாவாகத் தாவிப் பத்து இருபத்தொன்பதில் போய் நின்றது. எவ்வளவு தாவினேன் என்பதையும் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டது. தேங்கிக் கிடந்த வரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக அட்டவணைக்குப் போய்ச் சேர்ந்தன, தப்பான மணியோடுதான்.

அணைத்து எழுப்பினாள், எழுதியது அழியாமல் நின்றது. பேட்டரியோடு சேர்த்துப் பிடுங்கி அரை மணி விட்டு எழுப்பினாள். நின்றது. மூன்றாவது தரம் பெரியநாயகியை விட்டே பிடுங்கச் சொன்னாள்.

மத்தியானம் நீலமேகம் வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார். ஸ்டேடிக் ஐபியும் டி.என்.எஸ்ஸும் அவருக்கு ஏறியதோ இல்லையோ, மணி பின்தங்கிவிட்டது என்பது ஏறிவிட்டது. முகம் மலர்ந்தது.

“அவ்வளவுதானே? அப்ப அந்த மணிய மட்டும் நாலு மணி அம்பத்திரண்டு நிமிஷம் தள்ளிப் போட்டு வேற காகிதம் எடுத்துடு. மெஷின்லயும் மாத்திடு. முன்னால கொடுத்தது வேற ஊர் காகிதம், மாத்திக் கொடுத்துட்டோம்னு நான் சொல்லிக்கிறேன்.”

“மாட்டேன் சித்தப்பா.”

“ஏன்? உண்மையான மணியத்தானே போடச் சொல்றேன்?”

“உண்மையான மணியப் பக்கத்துல புதுசா ஒரு கட்டம் போட்டு எழுதுவேன். மெஷின் எழுதுனதுல ஒரு புள்ளியத் தொடமாட்டேன். ஏன் தப்பாச்சுன்னும் கீழ எழுதி, நான் பண்ணுன தப்புன்னு கையெழுத்தும் போடுவேன்.”

“உனக்கென்ன பைத்தியமா பாப்பா? தப்பு பண்ணிட்டோம்னு நாமளே எழுதிக் கொடுத்தா அந்த ஆளு விடுவானா? மெஷினே கோளாறுன்னு ஒரே போடாப் போட்டுட்டுப் போயிடுவான். எம்பது ஏக்கர் பாப்பா. உன் ஒம்போது மாவும் அதுலதான் கெடக்கு. உன் ரோஷத்துக்குப் பயிரு காத்துக்கிட்டு இருக்குமா?”

அது அவளைச் சுட்டது. காலையில் வயல் வழியாகத்தான் வந்தாள். வெடிப்பு விரல் நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. அம்மா குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள், ஒன்பது மாவுக்குக் குடத்தால். பயம் இல்லாமல் இல்லை அவளுக்கு. இருந்தாலும் சொன்னாள்.

“அவரு உக்காந்த எடத்துல உக்காந்துக்கிட்டு நாப்பத்தெட்டுன்னு எழுதுறாரு. மதகை வந்து பாக்குறதில்ல. நானும் உக்காந்த எடத்துல மணிய எழுதுனா அவருக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்? அப்புறம் எதுக்கு இந்த மெஷினு? நாலு பேரு சேந்து ஆளுக்கொரு நோட்டுல அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதிக்க வேண்டியதுதான்.”

“பெரிய அரிச்சந்திரன் பொண்ணு” என்று முணுமுணுத்துவிட்டு நீலமேகம் எழுந்து போனார். வியாழக்கிழமை முழுவதும் அந்தப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. ஊருக்குள், தலைவரும் அண்ணன் மகளும் பேச்சு வார்த்தை இல்லை என்று கதை பரவியது.

வெள்ளிக்கிழமை புகழேந்தி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை சிரித்த அதே இருபது பேரும் வந்திருந்தார்கள். இன்னும் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடுதல். நீலமேகம் மூலையில் துண்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். தரை கழுவி ஈரமாக இருந்தது. பெரியநாயகி மஞ்சள் கிண்ணத்தோடு வாசலில் தயங்கி நின்றாள்.

“சார் போன பெறவு செஞ்சுக்கட்டுமா?” என்றாள்.

“இப்பவே செய்யுங்கக்கா. வழக்கமா எப்புடிச் செய்வீங்களோ அப்புடி” என்றாள் பிரதீபா. புகழேந்தி பக்கம் திரும்பினாள். “சார், உங்க செல்போன்ல மணியப் பாத்துக்கிட்டே இருங்க. இவங்க மெஷின் உசுரப் புடுங்கப் போறாங்க.”

பெரியநாயகி சாவகாசமாகச் செய்தாள். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினாள். பேட்டரியையும் பிடுங்கினாள். டிவி இருண்டது. பீரோவுக்குப் பொட்டு, ஸ்டார்ட்டருக்குப் பொட்டு, பெட்டியைத் துடைத்து மஞ்சள், குங்குமம், பூ. சாம்பிராணிப் புகையில் புகழேந்தி இரண்டு தரம் தும்மினார். சபையே தனக்காகக் காத்திருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு மிதப்பு. இருபத்திரண்டு நிமிடம் ஆனது. கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பச் சொருகினாள்.

டிவியில் முதலில் ஒன்றுமில்லை. பின்னால் இருந்து யாரோ கனைத்தார்கள். பிறகு திரை வந்தது. தண்ணீர் மட்டம் பூஜ்யம். மணி பத்து ஐம்பத்தாறு.

“உங்க போன்ல எவ்வளவு சார்?”

“பத்து அம்பத்தாறு” என்றார் புகழேந்தி. “சரிம்மா. இன்னிக்குச் சரியா காட்டுது. போன வெள்ளி?”

“போன வெள்ளி காட்டல. தப்பா காட்டுச்சு. தப்பு என்னோடது.” எழுதி வைத்திருந்த காகிதத்தை நீட்டினாள். எண்ணை மாற்றியது, மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டது, ஒயர் பிடுங்கியது, படம் எடுத்தது, போர்டு எழுதிக்கொண்ட தாவல், எல்லாம் வரிசையாக இருந்தது. கீழே அவள் கையெழுத்து.

புகழேந்தி படித்தார். படிக்கப் படிக்க அவர் முதுகு நிமிர்ந்தது. “அப்ப நீங்களே ஒத்துக்கிறீங்க. மெஷின் கடிகாரம் கோளாறு. கோளாறான கடிகாரம் எழுதுன கணக்கு செல்லாதும்மா. எழுதிக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி.” காகிதத்தை மடிக்கப் போனார்.

நீலமேகம் மூலையில் கண்ணை மூடிக்கொண்டார். இதைத்தானே சொன்னேன் என்பது மூடிய கண்ணிலேயே தெரிந்தது.

“மடிக்காதீங்க சார், இன்னும் முடியல” என்றாள் பிரதீபா. குரல் உயரவில்லை. “கடிகாரம் பின்தங்கிருந்துச்சு. நின்னு போவல. பின்தங்குன கடிகாரத்துலயும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரந்தான். மெஷின் கணக்குல நாலு பதினெட்டுக்குத் தண்ணி ஏறி, ராத்திரி பதினொண்ணு பதினெட்டுக்கு எறங்கிருக்கு. பத்தொம்போது மணி நேரம். சரியான மணியப் போட்டா சனிக்கிழம காலை ஒம்போது பத்துக்கு ஏறி, ஞாயித்துக்கிழம விடியக்காலை நாலு பத்துக்கு எறங்கிருக்கு. அதுவும் பத்தொம்போதுதான்.”

“நீங்க கூட்டிக் கழிச்சுச் சொல்ற மணி அது. அது சரின்னு யாரு சொல்றது?”

“நீங்கதான் சார்.”

“நானா?”

“ஆறு மணிக்குத் தொறந்தேன்னு பதிவேட்டுல எழுதியிருக்கீங்க. இங்க வந்து சேர மூணு மணி நேரம் ஆவும்னு செவ்வாக்கெழம இந்த எடத்துல நின்னு சொன்னீங்க, இத்தனை பேரும் கேட்டாங்க. ஆறும் மூணும் ஒம்போது. என் மெஷின் ஒம்போது பத்துங்குது. நீங்க தொறந்தது நெசம்னு அது சாட்சி சொல்லுது சார். திங்கக்கெழம வரைக்கும் தொறந்தே கெடந்துச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் அது சாட்சி சொல்லமாட்டேங்குது.”

புகழேந்தி முகத்தில் ஈயாடவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பத்து மதகுக்கு ஒற்றை ஆள். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே மேலே எவன் மதகுப் பலகையை இறக்கித் தண்ணீரை அடைத்தான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் போகவும் இல்லை. போகாமலே எழுதிவிட்டார்.

“நான் எப்படிம்மா என் பதிவேட்டையே தப்புன்னு எழுதுறது?” என்றார். இந்தத் தடவை சங்கத்துக்குச் சொல்கிற குரல் அல்ல அது, அவளிடம் மட்டும் கேட்கிற குரல். “மேல கேள்வி வரும். வேலைக்கே பதில் சொல்லணும்.”

பிரதீபா மேஜை மேல் கிடந்த அவருடைய பதிவேட்டைத் திறந்தாள். நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்த பக்கம். அதன் பக்கத்தில் தன் காகிதத்தை விரித்து வைத்தாள், கையெழுத்து தெரிகிற மாதிரி.

“எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருந்துச்சு. ஊரே சிரிச்ச காகிதம் அது. மாத்தி எழுதிடுன்னுதான் சொன்னாங்க. என் தப்பு நாலு மணி அம்பத்திரண்டு நிமிஷம். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க தப்பு இருபத்தொம்போது மணி நேரம். நீங்களும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

மூலையிலிருந்து நீலமேகம் எழுந்து வந்தார். அண்ணன் மகளைப் பார்க்கவில்லை, பொறியாளரையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார்.

“எழுதுங்க சார்” என்றார்.

புகழேந்தி பேனாவின் மூடியைக் கழற்றினார்.